1954 செவர்லே 235 இன்ஜின் பிரிச்சாச்சு: ரீபோரா, 261ஆ, ரெட்டை கார்புரேட்டரா? வழி சொல்லுங்க

கரிபுகை:
ஒரு வழியா இன்ஜினை வெளிய எடுத்து ஸ்டாண்ட்ல மாட்டிட்டேன் மக்களே. வண்டி 1954 செவர்லே 3100 பிக்கப், உள்ள 235 கன இன்ச் ஸ்ட்ரெயிட் சிக்ஸ், சிசி கணக்குல 3,860 வரும். இறக்கத்துல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு திரும்ப மிதிச்சா பின்னாடி நீலப் புகை, சூடாகிட்டா ஐடில்ல ஆயில் பிரஷர் முள்ளு படுத்துக்கும், ரெண்டு சிலிண்டர்ல பிளக் எப்ப கழட்டினாலும் எண்ணெய்ல குளிச்சு வரும்.

அளந்த வரைக்கும் சொல்றேன். போர் (சிலிண்டரோட உள் விட்டம்) இன்னும் ஸ்டாண்டர்ட் சைஸ்தான், ஒருத்தரும் தொடலை போல, ஆனா அஞ்சாவது ஆறாவது சிலிண்டர் மேல பக்கம் 9 தௌ டேப்பர் காட்டுது, அதாவது மேல அகலமா தேஞ்சிருக்கு, மத்ததுல 5, 6. கிராங்க்ல நாலாவது பிக் எண்ட் ஜர்னல்ல (கனெக்டிங் ராடு உக்கார்ற இடம்) நகம் மாட்டற அளவு கீறல். மெயின் ஜர்னல் (பிளாக்ல உக்கார்ற இடம்) பளபளன்னு இருக்கு. ஹெட் இன்னும் பிரஷர் டெஸ்ட் பண்ணல.

எனக்கு ரேஸ் எல்லாம் வேணாம். 90ல நிம்மதியா ஓடணும், மேட்டுல மூச்சு வாங்கக் கூடாது, கொஞ்சம் சவுண்ட் நல்லா இருந்தா சந்தோஷம். மனசுல மூணு ஐடியா. ஒண்ணு, இதையே ரீபோர் பண்ணி, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் பெரிசா கடைஞ்சு, ரெட்டை கார்புரேட்டர் மாட்டறது. ரெண்டு, இதோட அண்ணன் 261 கன இன்ச் இன்ஜினைத் தேடிப் பிடிக்கறது. மூணாவதை சொன்னா அடிக்க வருவீங்க, அதனால சொல்லல.

எட்டுசிலிண்டர்:
மூணாவதை நான் சொல்றேன், வி8 போடு, ஒரே வாரத்துல முடிஞ்சிரும், இந்தப் பழைய அடுப்பை வெச்சு என்ன பண்ணப் போற 😄

பிஸ்டன்_பித்தன்:
ஒவ்வொரு இழையிலயும் முதல் பதில் உன்னோடதுதான்யா, அசரவே மாட்டியா. கரிபுகை ப்ரோ, அவரை விடுங்க.

முதல்ல அது என்ன இன்ஜின்னு உறுதி பண்ணிக்கோங்க. வண்டி 1954ங்கறதால இன்ஜினும் 1954ன்னு அர்த்தம் இல்ல, எழுபது வருஷத்துல எத்தனை கை மாறியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல பிளாக்ல அடிச்ச நம்பரையும், ஸ்டார்ட்டர் பக்கம் வார்ப்புலயே வந்திருக்கற நம்பரையும் பார்த்து எழுதுங்க. இது ஏன் முக்கியம்னா அதுக்கு முந்தின 216 கன இன்ச் இன்ஜின்லயும் ஆரம்பகால 235லயும் கனெக்டிங் ராடுக்கு ஆயில் பிரஷர்ல போகாது, ராடு அடியில ஒரு சின்னக் கரண்டி மாதிரி டிப்பர் இருக்கும், அதுதான் சம்ப்ல இருக்கற எண்ணெயை அள்ளிக்கும், பேரிங்கும் ராடுலயே உருக்கி ஊத்தின பாபிட்ங்கற மெத்து உலோகம். லாரி, பிக்கப்புக்கு 1954லதான் முழு பிரஷர் ஆயிலிங்கும் கழட்டி மாட்டற இன்சர்ட் பேரிங்கும் வந்துச்சு. சட்டுனு வெளிய இருந்து தெரிஞ்சுக்க, வால்வு கவரைப் பாருங்க: பிரஷர் 235ல கவர் ஓரத்துல நாலு ஸ்க்ரூ, பழசுல உச்சியில ரெண்டு நட். ஆனா கவரை மாத்தி மாட்டினவங்களும் உண்டு, சம்பை கழட்டிட்டீங்கன்னா ராடைப் பார்த்தாலே முடிஞ்சுது.

கரிபுகை:
நாலு ஸ்க்ரூ. ராடுல டிப்பர் இல்ல, இன்சர்ட் பேரிங்தான். வார்ப்பு நம்பரும் 1954க்கு ஒத்துப் போகுது. அப்பாடா.

லேத்_மாமா:
நல்லது தம்பி. பிரஷர் 235னா கண்ணை மூடிட்டு காசு போடலாம், 216ஆ இருந்திருந்தா பாபிட் ஊத்தத் தெரிஞ்ச ஆளைத் தேடியே பாதி வாழ்க்கை போயிருக்கும்.

9 தௌ டேப்பருக்கு ரிங் மட்டும் மாத்தி ஓட்டலாம்னு யாராச்சும் சொன்னா கேட்காதீங்க. ரிங் மேல வரும்போது விரியணும், கீழ போகும்போது சுருங்கணும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்லயும். கொஞ்ச நாள் நல்லா இருக்கற மாதிரி இருக்கும், அப்புறம் உடைஞ்சு திரும்ப இதே இடத்துக்கு வருவீங்க. 30 தௌ ஓவர்சைஸ்ல எல்லா சிலிண்டரும் சுத்தமா வந்துடும்னு நினைக்கறேன், 20லயே வந்தாலும் ஆச்சரியம் இல்ல, ஆனா பிஸ்டன் எந்த சைஸ்ல கிடைக்குதுன்னு முதல்ல பாருங்க. பிஸ்டன் கையில வந்த அப்புறம்தான் பிளாக் போரிங் மெஷினுக்கு ஏறணும். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதுக்கு கம்பெனி சொல்ற கிளியரன்ஸ் விட்டு, அந்தந்த சிலிண்டரை ஹோன் பண்ணணும். "30 ஓவர்னா 30 ஓவர்தானே சார்"னு பிளாக்கை மட்டும் வாங்கி வெச்சுக்கற கடைக்காரன்கிட்ட கொடுக்காதீங்க.

கிராங்க் நாலாவது ஜர்னலுக்கு மட்டும் 10 தௌ அண்டர் (அவ்வளவு சின்னதா) அரைக்கலாம்னு சொல்லுவாங்க. ஆறையும் சேர்த்து அரைச்சிடுங்க, பின்னால யாராவது திறந்தா குழப்பம் இருக்காது. மெயின் அளவுல இருந்தா பாலிஷ் போதும்.

புதுசு77:
மன்னிக்கணும், தௌன்னா?

லேத்_மாமா:
ஒரு இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு தம்பி. 40 தௌ கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். கேட்டது நல்லது, பலபேர் கேட்காமலே தலையாட்டிட்டுப் போவாங்க.

சைலன்ட்_ஐடில்:
ரீபோர் பண்ணா பவர் ஏறும்னு ஒரு நம்பிக்கை ஊர் பூரா இருக்கு, அதைக் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்டாண்டர்ட் போர் 3.5625 இன்ச், ஸ்ட்ரோக் 3.9375, ஆறு சிலிண்டருக்கு 235.5 கன இன்ச். 30 ஓவர் பண்ணா 239.5. 60 ஓவர் வரைக்கும் போனாலும் 243.5தான், மூணரை சதவீதம் கூட இல்ல. அதுக்காக சிலிண்டர் சுவரை மெலிசாக்கி அடுத்த தடவை ரீபோர் பண்ற வாய்ப்பையும் தொலைக்கறீங்க. தேய்மானம் போற அளவுக்கு மட்டும் வெட்டுங்க, அதுக்கு மேல ஒரு தௌ கூட வேணாம்.

261ல கதை வேற. ஸ்ட்ரோக் அதேதான், போர் 3.75 இன்ச், கிட்டத்தட்ட 11 சதவீதம் அதிகம். 1954ல இருந்து 1962 வரைக்கும் பெரிய லாரிகளுக்கு வந்தது. வெளிய பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம், உங்க வண்டில அப்படியே உக்காரும். ஒரே விஷயம், அதுல சிலிண்டர்கள் ஜோடி ஜோடியா ஒட்டி இருக்கும், நடுவுல தண்ணி போக வழி இல்ல, அதனால அங்க தேங்கற ஆவி மேல போக பிளாக்லயும் ஹெட்லயும் சின்னச் சின்ன துளைகள் இருக்கும். 235 ஹெட்டைத் தூக்கி 261 மேல வெச்சா அந்தத் துளை ஹெட்ல இருக்காது, கேஸ்கெட்டை டெம்ப்ளேட்டா வெச்சு ட்ரில் பண்ணியே ஆகணும். பண்ணாம ஓட்டினா அந்த இடத்துல ஆவி தேங்கி சூடு ஏறி ஹெட்லயோ பிளாக்லயோ விரிசல் விழும்.

கரிபுகை:
261 தேடிப் பார்த்தேன், கண்ல பட்ட ஒண்ணுல பிளாக் பக்கவாட்டுல நீளமா விரிசல், குளிர்ல தண்ணியை வடிக்காம விட்டிருக்காங்க. இன்னொண்ணு நல்லா இருக்கும்னு ஒருத்தர் சத்தியம் பண்றார், ஆனா திறந்து காட்ட மாட்டேங்கறார்.

பிஸ்டன்_பித்தன்:
திறந்து காட்டாதவன்கிட்ட 261 வாங்கறதுக்கு கையில இருக்கற 235ஐ ஒழுங்கா செய்யறது எவ்வளவோ மேல். அதுவும் உங்க பிளாக் ஸ்டாண்டர்ட் போர்ல இருக்கு, அது ஒரு பெரிய வரம்.

நான் சொல்றது ஒண்ணுதான், காசு போற வரிசையை மாத்தாதீங்க. முதல்ல அடிபாகம், அடுத்து ஹெட், அப்புறம் இக்னிஷன், எக்ஸாஸ்ட், எல்லாம் முடிஞ்சு பாக்கெட்ல மீதி இருந்தா கார்புரேட்டர். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, பளபளன்னு அலுமினிய மேனிஃபோல்ட் வாங்கி ஷெல்ஃப்ல வெச்சு அழகு பார்த்துட்டு ராக்கர் ஷாஃப்டை (வால்வை அழுத்தற ராக்கர்களைத் தாங்கற தண்டு) கழட்டிக் கூடப் பார்க்காம மாட்டிடுவாங்க.

ராக்கர் ஷாஃப்ட்னு சொல்லும்போதே சொல்லிடறேன், இந்த இன்ஜினோட உயிர்நாடி அங்கதான். ஆயில் பிளாக்ல இருந்து ஹெட் வழியா மேல வந்து, நடுவுல மூணாவது நாலாவது சிலிண்டருக்கு இடையில ஒரு மெல்லிய குழாய் வழியா ரெண்டு ஷாஃப்டும் சேர்ற இடத்துக்குப் போகும். அந்தக் குழாய்ல கரி கட்டிக்கும். வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது, பிரஷர் மீட்டர் கூட நல்லாத்தான் காட்டும், ஆனா மேல ஒரு சொட்டு வராது. ஷாஃப்டைக் கழட்டி அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்க. வால்வு ஸ்பிரிங் தள்ளற சுமை முழுக்க அந்தப் பக்கம்தான் விழும், ஒவ்வொரு ராக்கரும் உக்கார்ற இடத்துல பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் இருந்தா டேப்பட் கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல விடற இடைவெளி) எத்தனை தடவை வெச்சாலும் சத்தம் நிக்காது. ஷாஃப்ட் முனையில இருக்கற அடைப்பை எடுத்துட்டு உள்ள கம்பி பிரஷ் விட்டா வெளிய வர்றதைப் பார்த்து மூக்கைப் பிடிச்சுக்குவீங்க.

ஆயில்சம்ப்:
கழட்டறவங்களுக்கு ரெண்டு விஷயம், நெட்ல எவனும் முதல்லயே சொல்ல மாட்டான்.

ஒண்ணு டைமிங் கவர். முன்னாடி தெரியற எல்லா போல்ட்டையும் எடுத்துட்டு கவர் வரலைன்னு ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பி வளைச்சுடுவாங்க. ரெண்டு போல்ட் பின்பக்கமா, முன் மெயின் பேரிங் பக்கத்துல உள்ள இருந்து மாட்டியிருக்கும். சம்பை இறக்காம அது கண்ணுக்கே தெரியாது.

ரெண்டாவது கேம் கியர். கேம்ஷாஃப்ட் மேல அழுத்தி ஏத்தியிருக்கும், போல்ட் கிடையாது. கியர்ல ரெண்டு ஓட்டை இருக்கும், அதைத் திருப்பி நேரா வெச்சா பின்னாடி இருக்கற த்ரஸ்ட் பிளேட் ஸ்க்ரூ ரெண்டும் தெரியும், அதைக் கழட்டி கேமையும் கியரையும் சேர்த்தே உருவணும். அப்புறம் பிரஸ்ல வெச்சுத்தான் கியரைப் பிரிக்கணும். ஃபைபர் கியரா இருந்தா மாத்திடுங்க, அலுமினியம் போடுங்க, கொஞ்சம் சத்தம் வரும், பரவால்ல.

கூடவே முன்னாடி டாம்பர் புல்லி. அதுவும் கிராங்க் மேல அடிச்சு ஏத்தினதுதான், பிடிச்சு வெக்க போல்ட் இல்ல. கிராங்க் எப்படியும் அரைக்கப் போகுதுல்ல, அதே சமயம் முனையில ட்ரில் பண்ணி மரை போட்டு வாங்கிடுங்க. புல்லியை போல்ட் வெச்சு இழுத்தே ஏத்தலாம், சுத்தியலே வேணாம், பின்னால கழண்டு ரேடியேட்டருக்குள்ள போற பயமும் இல்ல.

கரிபுகை:
டைமிங் கவர் விஷயத்துக்கு நூறு நன்றி அண்ணே, நாளைக்கு நெம்பறதாத்தான் இருந்தேன் 😅

பிளாக்கை கெமிக்கல் டேங்க்ல முக்கி எடுக்கலாமா? உள்ள தண்ணி வழியெல்லாம் சேறு.

லேத்_மாமா:
முக்கணும், கட்டாயம். ஆனா சூடான காஸ்டிக்ல முக்கினா கேம் பேரிங் போயிடும், அதனால புதுசு வாங்கி வெச்சுட்டே அனுப்புங்க. அனுப்பறதுக்கு முன்ன கோர் பிளக் (தண்ணி வழியை மூடற தகடு) எல்லாத்தையும் எடுங்க, ஆயில் கேலரி (பிளாக் உள்ள எண்ணெய் போற வழி) முனையில இருக்கற பிளக்கையும் எடுங்க. அதை எடுக்காம முக்கினா அழுக்கு கரைஞ்சு உள்ளயே போய் ஒரு மூலையில உக்காந்துக்கும், புது பேரிங்கை முதல் அரைமணி நேரத்துலயே தின்னுடும்.

தண்ணி வழில சேறு பின்பக்கம்தான் அதிகம் இருக்கும். பம்ப் முன்னாடி இருக்கு, கடைசி சிலிண்டர்கிட்ட ஓட்டம் மெதுவா இருக்கும், துருவும் வார்ப்பு மண்ணும் அங்க போய் படியும். உங்களுக்கு அஞ்சும் ஆறும் மட்டும் அதிகமா தேஞ்சிருக்குன்னு சொன்னீங்கல்ல, எனக்கு அங்கதான் சந்தேகம். பின் கோர் பிளக் ஓட்டை வழியா கம்பியை விட்டுக் கிளறுங்க, கல்லு மாதிரி வரும்.

கரிபுகை:
கிளறினேன். ஆறாவது சிலிண்டர் பக்கம் கம்பி ஒரு இன்ச்தான் உள்ள போச்சு, அதுக்கு மேல கெட்டி. தட்டித் தட்டி எடுத்ததுல ஒரு சட்டி கால்வாசி நிறையற அளவு செதில் செதிலா துருவும், நடுநடுவுல கருப்பா மணலும் வந்துச்சு. மாமா சொன்னது சரிதான்.

இப்ப ஹெட். பிரஷர் டெஸ்ட்ல விரிசல் இல்ல. இன்டேக் வால்வு ஒண்ணு வளைஞ்சிருக்கு, எக்ஸாஸ்ட் சீட் எல்லாம் உள்ள இறங்கிப் போயிருக்கு. கடைக்காரர் ஆறு எக்ஸாஸ்டுக்கும் கெட்டி சீட் வளையம் போடச் சொல்றார், ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு அது இல்லாம முடியாதுங்கறார்.

சைலன்ட்_ஐடில்:
இதுல நான் கடைக்காரர் பக்கம் இல்ல. இந்த ஹெட்ல சீட் தனியா கிடையாது, வார்ப்பு இரும்புலயே வெட்டினது. அந்தக் காலத்துல பெட்ரோல்ல இருந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு மெல்லிய படலமா நின்னு, சூட்டுல ரெண்டும் ஒட்டிப் பிஞ்சு வராம பாத்துக்கிட்டது. அது இல்லைன்னா சீட் தேயும், உண்மைதான், ஆனா எப்போ? முழு லோடோட அதிக ஆர்பிஎம்ல மணிக்கணக்கா ஓட்டும்போது. ஞாயித்துக்கிழமை வண்டிக்கு அவ்வளவு சீக்கிரம் தேயாது. வளையம் போட உள்ள வெட்டும்போது ஆழம் கொஞ்சம் தப்பினாலும் தண்ணி வழி திறந்துக்கும், நல்லா இருந்த ஹெட் குப்பைக்குப் போகும்.

லேத்_மாமா:
ஐடில் சொல்றதுல பாதி ஒத்துக்கறேன். ஆனா இவர் ஹெட்ல சீட் ஏற்கனவே இறங்கிடுச்சு, அதை இன்னும் அரைச்சா வால்வு இன்னும் உள்ள போகும், ஸ்பிரிங் தளரும், ராக்கர் கோணம் மாறும். இறங்கின சீட்டுக்கு வளையம்தான் வைத்தியம், பெட்ரோல் அதுக்கு ஒரு சாக்கு. நல்லா இருக்கற சீட்டைத் தொடாதீங்க. வெட்டறவர் இந்த ஹெட்டை முன்னாடி பண்ணியிருக்காரான்னு கேளுங்க, அது போதும்.

எட்டுசிலிண்டர்:
பேசாம 848 ஹெட் மாட்டுங்க, கம்ப்ரஷன் ஏறும். (பாத்தீங்களா, நானும் உருப்படியா பேசுவேன்)

பிஸ்டன்_பித்தன்:
ஆச்சரியம்! நம்பர் 848ல முடியற ஹெட் நல்ல ஹெட்தான், அறை சின்னது. ஆனா அதைத் தேடி அலையறதுக்கு முன்ன உங்க கையில இருக்கறதை அளங்க. 1954 லாரி 235க்கு கம்ப்ரஷன் ரேஷியோ 7.5. ஒரு சிலிண்டர் 643 சிசி, அப்போ மேல மிச்சம் இருக்கற இடம் 99 சிசி. 30 ஓவர் போட்டா சிலிண்டர் 654 ஆகும், மேல அதே 99 இருந்தா ரேஷியோ தானாவே 7.6. இப்போ பழைய மெல்லிசு ஸ்டீல் கேஸ்கெட்டுக்குப் பதிலா இப்ப வர்ற தடிமன் கேஸ்கெட் போடறீங்க, 20 தௌ தடிமன் கூடினா மூணரை சிசி கூடும், ரேஷியோ 7.4க்கு கீழ இறங்கிடும். புது இன்ஜின் ஏன் பழசை விட மந்தமா இருக்குன்னு அப்புறம் தலையைச் சொறிவீங்க.

8.25 வேணும்னா மேல மொத்தம் 90 சிசிதான் இருக்கலாம். பியூரெட்ல எண்ணெய் விட்டு அறையை அளந்து, பிஸ்டன் தலை மேடா தட்டையாங்கறதையும் சேர்த்துக் கணக்கு போட்டு, ஹெட்டை எவ்வளவு சீவணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. "ஒரு அறுபது எடுத்துடலாம் சார்"னு கண்ணளவுல சொல்ற கதையே வேணாம். சீவின அப்புறம் புஷ் ராடு நீளமும் டேப்பட் ஸ்க்ரூ எவ்வளவு வெளிய நிக்குதுன்னும் பாருங்க.

கரிபுகை:
கணக்கு போட்டேன், கேஸ்கெட்டையும் சேர்த்து. எட்டுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி சீவச் சொல்லியிருக்கேன், 8.25 வேணாம், சாதாரண பெட்ரோல்லயே ஓடட்டும்.

சரி, இப்போ எல்லாரும் காத்துட்டு இருக்கற கேள்வி. ரெட்டை கார்ப் வேணுமா வேணாமா? 1953 கார்வெட் இதே 235ல மூணு கார்ப் வெச்சு 150 குதிரை எடுத்துச்சே, என்னோடது 112தான்.

சைலன்ட்_ஐடில்:
கார்வெட்டை இழுக்காதீங்க. அது மூணு கார்ப்னால மட்டும் வந்த 150 இல்ல, கேம் வேற, கம்ப்ரஷன் 8, ரெட்டை எக்ஸாஸ்ட், எல்லாம் சேர்த்துத்தான். போதாததுக்கு அந்தக் காலத்துல ஃபேன், சைலன்சர் எதுவும் இல்லாம டெஸ்ட் பெஞ்ச்ல வெச்சு எடுத்த கிராஸ் கணக்கு. உங்க 112உம் அதே மாதிரி கணக்குதான், கவலைப்படாதீங்க.

கார்புக்கு முன்ன எக்ஸாஸ்டைப் பிரிங்க. இதுக்கு ஒரு அழகான காரணம் இருக்கு. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. எண்ணிப் பாருங்க, முன் மூணுல ஒண்ணு, பின் மூணுல ஒண்ணு, முன்னாடி, பின்னாடின்னு மாறி மாறி வெடிக்கும். அதனால முன் மூணை ஒரு பைப்புக்கும் பின் மூணை இன்னொரு பைப்புக்கும் பிரிச்சா, ஒவ்வொரு பைப்பிலயும் சரியா 240 டிகிரிக்கு ஒரு தடவைதான் புகை வரும், ஒண்ணு வெளிய போற வழில இன்னொண்ணு முட்டாது. சாதாரண வி8ல இப்படி சுலபமா ஒழுங்கா பிரிக்க முடியாது, எட்டுசிலிண்டர் சார் கவனிக்கவும். அந்த ஸ்ட்ரெயிட் சிக்ஸ் சவுண்ட் வர்றதும் இதனாலதான்.

இன்டேக் பக்கம் இவ்வளவு அழகு கிடையாது. ஆறு சிலிண்டருக்கு மூணே போர்ட், 1-2, 3-4, 5-6. நடு ஜோடி 360 டிகிரிக்கு ஒரு தடவை ஒழுங்கா உறிஞ்சும். முன் ஜோடியும் பின் ஜோடியும் 240, 480னு நொண்டி அடிக்கும். ஒத்த கார்ப் நடுவுல உக்காந்து தூரத்து முனைகளுக்கும் அனுப்பணும், அதுல ஒண்ணுல கலவை கெட்டியா இன்னொண்ணுல மெலிசா போகும். ரெட்டை கார்ப் வெச்சா முனைக்கு தூரம் குறையுது, அதான் லாபம். காத்து அதிகமா உறிஞ்சறதை விட, எல்லா சிலிண்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே கலவை போறதுதான் பெரிசு. அதனால வேணும்னா போடுங்க, ஆனா ரெண்டையும் சமமா டியூன் பண்ற பொறுமை இருந்தா மட்டும்.

ஆயில்சம்ப்:
அதுல ஒரு பொறி இருக்கு. ஃபேக்டரி செட்டப்ல இன்டேக் மேனிஃபோல்ட் எக்ஸாஸ்ட் மேல உக்காந்து அந்தச் சூட்டுல குளிர் காயும், பெட்ரோல் ஆவியாகறதே அதாலதான். பிரிச்ச எக்ஸாஸ்டும் ரெட்டை கார்பும் போட்டா அந்தத் தொடர்பு அறுந்துடும். காலையில இன்ஜின் இருமும், பெட்ரோல் சொட்டுச் சொட்டா மேனிஃபோல்ட் அடியில தேங்கும், சிலிண்டர்ல எண்ணெயைக் கழுவிட்டுப் போகும், இப்போதான் ரீபோர் பண்ண சுவர் அது. ரேடியேட்டர் சூடு தண்ணியை மேனிஃபோல்ட் அடியில ஓட்டற தட்டு ஒண்ணு கிடைக்கும், இல்லைன்னா செஞ்சுக்கலாம். அதைப் போடாம ரெட்டை கார்ப் போடறதுக்கு பேசாம ஒத்த கார்பே இருக்கட்டும்.

கரிபுகை:
இதைத்தான் தேடிட்டு இருந்தேன். அப்போ முடிவு: 235 அதே பிளாக், 30 ஓவர், எக்ஸாஸ்ட் பிரிக்கறேன், சூட்டுத் தட்டோட ரெட்டை கார்ப், ஆனா கார்ப் கடைசியில. முதல்ல ஒத்த கார்ப்ல ஓட்டி செட் ஆகட்டும். எலெக்ட்ரிகல் இன்னும் 6 வோல்ட், அதை என்ன பண்ண?

பிஸ்டன்_பித்தன்:
12க்கு மாத்துங்க, எலக்ட்ரானிக் இக்னிஷன் 6 வோல்ட்டுக்கும் கிடைக்கும், ஆனா 12னா சுலபம். பல்ப், காயில், கேஜ், ஹீட்டர் மோட்டார் எல்லாத்தையும் பாக்கணும். இந்தக் கால டிஸ்ட்ரிபியூட்டர் போட்டா பாயிண்ட் அரைக்கற வேலையே இல்ல. பழசை வெச்சுக்கறதா இருந்தா ஷாஃப்ட் புஷ்ஷைப் பாருங்க, ஆடினா டைமிங் ஒரு இடத்துல நிக்காது. இதுல வேக்குவம் அட்வான்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையே சுத்த வெக்கும், அதனால அது சுலபமா திரும்பணும், துரு பிடிச்சு இறுகியிருந்தா அட்வான்ஸே கிடையாது. நிறைய பேர் கார்ப் சரியில்லன்னு திட்டிட்டு இருப்பாங்க, காரணம் இது.

கிராங்க்கேஸ்ல இருந்து ரோட்டுக்கு புகை விடற குழாயையும் மூடிட்டு பிசிவி வால்வு (அந்தப் புகையை இன்டேக்குக்கே திருப்பி விடறது) போடுங்க. அந்தக் குழாய் வண்டி ஓடும்போது மட்டும்தான் உறிஞ்சும், ஐடில்ல நிக்கும்போது உள்ள ஈரம், கரி எல்லாம் அப்படியே எண்ணெய்ல கலக்கும். இந்த இன்ஜின் உள்ள வண்டல் கட்டறதுக்கு அது பாதிக் காரணம். ஆயில் ஃபில்டரும் பைபாஸ் டைப்தான், ஓடற எண்ணெய்ல கொஞ்சம்தான் ஃபில்டர் வழியா போகும், அதனால எண்ணெய் மாத்தறதுல கஞ்சத்தனம் வேணாம்.

சைலன்ட்_ஐடில்:
90ல நிம்மதியா ஓடணும்னு ஆரம்பத்துல சொன்னீங்க. அதுக்கு இன்ஜின் மட்டும் பத்தாது. டயர் உயரம் 28 இன்ச், ஆக்ஸில் ரேஷியோ 4ன்னு வெச்சா 90ல 2,700 ஆர்பிஎம் ஓடும். 100 மிமீ ஸ்ட்ரோக், ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 9 மீட்டர் மேல கீழ. உடையாது, ஆனா நிம்மதின்னு சொல்ல மாட்டேன். ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் போட்டா 2,000கிட்ட இறங்கும், இந்த இன்ஜினுக்கு அதுதான் சொகுசான இடம், டார்க் பூரா அங்கதான். ஆனா உங்க வண்டில டிரைவ் ஷாஃப்ட் மூடின குழாய்க்குள்ள இருக்கற டைப், கியர்பாக்ஸ் மாத்தினா பின் ஆக்ஸிலும் சேர்ந்தே மாறணும். அது தனி இழை.

கரிபுகை:
அப்டேட். எல்லாம் கடையில இருந்து வந்துடுச்சு, அடிபாகம் பூட்டியாச்சு. மெயினும் பிக் எண்டும் பிளாஸ்டிகேஜ் (பேரிங் இடைவெளி அளக்கற பிளாஸ்டிக் இழை) வெச்சுப் பார்த்தேன், எல்லாம் மேனுவல் அளவுக்குள்ள. டாப் ரிங் கேப்புக்கு போர்ல ஒரு இன்ச்சுக்கு 4 தௌன்னு போட்டு 14 வெச்சேன், ஃபைல்ல ராவி ராவி கை வலி. ஆயில் பம்பைப் பிடிக்கற கூர்முனை போல்ட்டை மறக்காம லாக் நட்டோட இறுக்கியாச்சு. கேம் ரீகிரைண்ட், டேப்பட் அடியும் புதுசா அரைச்சு வாங்கினேன். முதல் ஸ்டார்ட்டுக்கு வேற என்ன பாக்கணும்?

லேத்_மாமா:
டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டிட்டு, நீளமான கம்பியை ட்ரில் மெஷின்ல மாட்டி ஆயில் பம்பை சுத்துங்க. பிரஷர் ஏறி ராக்கர் ஒவ்வொண்ணுலயும் எண்ணெய் கசியறதைக் கண்ணால பாக்கற வரைக்கும் விடாதீங்க, நடு நடுவுல கிராங்கையும் கையால திருப்புங்க. கேம் மூக்குக்கும் டேப்பட்டுக்கும் பேஸ்ட் தாராளமா, எண்ணெய் ஜிங்க் உள்ளதா இருக்கட்டும். ஸ்டார்ட் ஆன உடனே ஐடில்ல விடக் கூடாது, 2,000ல ஏத்தி இறக்கி இருபது நிமிஷம். இந்த மாதிரி டேப்பட்டுக்கு எண்ணெய் கிராங்க் சுத்தி அடிச்சுத் தெறிக்கறதுலதான் கிடைக்கும், ஐடில்ல பத்தாது, கேம் மூக்கு அன்னிக்கே தேஞ்சுடும். அதனால டைமிங்கும் பெட்ரோலும் முதல்லயே சரியா இருக்கணும், செல்ஃப் அடிச்சு அடிச்சுத் தேடக் கூடாது.

புதுசு77:
டைமிங் லைட் எங்க காட்டணும்? முன் புல்லில மார்க்கே இல்லையே.

ஆயில்சம்ப்:
முன்னாடி இல்ல, ஃப்ளைவீல்ல. பெல் ஹவுசிங் பக்கவாட்டுல, ஸ்டார்ட்டர் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், உள்ள ஃப்ளைவீல் ஓரத்துல குட்டி இரும்பு பந்து ஒண்ணு பதிச்சிருக்கும். மாட்டறதுக்கு முன்னமே அது மேல வெள்ளை பெயின்ட் ஒரு புள்ளி வெச்சுடுங்க, இல்லைன்னா லைட் அடிச்சாலும் கருப்புல கருப்பாத்தான் தெரியும்.

கரிபுகை:
ஸ்டார்ட் ஆயிடுச்சு!!! ரெண்டாவது சுத்துலயே பிடிச்சுக்கிச்சு. இருபது நிமிஷம் 2,000ல ஓட்டினேன், மேனிஃபோல்ட் பெயின்ட் எரிஞ்ச புகையைத் தவிர வேற புகை இல்ல. ஆயில் பிரஷர் சூட்டுலயும் நிக்குது. பின் மெயின் சீல் பக்கம் மட்டும் ஒரு சொட்டு தொங்குது. கயிறு சீல்தான் போட்டேன்.

லேத்_மாமா:
கயிறு சீல் கொஞ்சம் ஓடி உக்காரணும், இப்பவே கழட்டாதீங்க. முதல்ல வால்வு கவர் பின்பக்கம் துடைச்சுப் பாருங்க, அங்க இருந்து வழிஞ்சு பிளாக் பின்னால இறங்கி பெல் ஹவுசிங்ல சொட்டும், எல்லாரும் பாவம் மெயின் சீலைத் திட்டுவாங்க. இன்ஜின் ஆறின அப்புறம் ஹெட் போல்ட்டை வரிசைப்படி ஒரு தடவை டார்க் பாருங்க, திரும்ப சூடு பண்ணி டேப்பட் கேப் வெச்சுக்குங்க.

கரிபுகை:
துடைச்சுப் பார்த்தேன் மாமா, வால்வு கவர்தான். பின் மூலை ஸ்க்ரூ பக்கம் கார்க் கேஸ்கெட் பிதுங்கியிருக்கு, புதுசு வாங்கிட்டேன். ஹெட் போல்ட்ல நடு வரிசை ரெண்டு கால் திருப்பு போச்சு, மத்தது அசையல. ரெட்டை கார்ப் மேனிஃபோல்ட் அடுத்த மாசம் வருது, லிங்கேஜ் பத்தி தனி இழை திறக்கறேன், எட்டுசிலிண்டர் அங்கயும் முதல் பதில் போட ரெடியா இருக்கட்டும்.

எட்டுசிலிண்டர்:
இப்பவே டைப் பண்ணி வெச்சுட்டேன்.